பாடும் பங்கும்

சென்ற மாதம் மகளிர் குழுக் கடன் விஷயமாக லைட்ஹவுஸ் குப்பம் போக நேர்ந்தது. பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டிறங்கிப் பாலத்தைக் கடந்தால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், இடையே மணல். வங்கிக் குமாஸ்தாவுக்கு வாசிப்பெல்லாம் பஸ்ஸில்தான். அன்று பையில் ‘கண்மணி கமலாவுக்கு’ இருந்தது. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். இளையபாரதி தொகுத்து 1994இல் வெளிவந்த புத்தகம்.

குழுவின் தலைவி ஐம்பது வயதுக்காரர். பிறந்தது ஏரிக்கரைக் குப்பத்தில், வாழ்க்கைப்பட்டது இங்கே. தீர்மான நோட்டை எடுக்கப்போனவர் கூடவே பழுப்பேறிய இன்னொரு நோட்டையும் கொண்டுவந்தார். பாடு நோட்டு. ஏரியில் இறால் வரும் இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. பங்கு ஆண் வழியில் போகும்.

“பாடு அண்ணனுக்குப் போச்சு சார். நோட்டு எனக்கு. அப்பா நோட்டு” என்றார்.

புரட்டினேன். தேதி, இடம், பெயர். குண்டு குண்டான எழுத்து. உங்கள் அப்பாவுக்கு நல்ல கையெழுத்து என்றேன்.

“அது எங்கம்மா எழுத்து சார். அப்பா வந்து சொல்லும், அம்மா எழுதும். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.”

“அப்போ அம்மா நோட்டுதானேம்மா?”

“ஊர்ல அப்பா நோட்டுன்னுதான் சொல்லுவாங்க.”

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. காரணம் உண்டு.

புதுமைப்பித்தனைப் பற்றி நான் நீளமாக ஒரு கட்டுரை எழுதியவன். அதில் கமலா விருத்தாசலம் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறார், கடிதங்களைப் பெற்றவராக. அவரும் சிறுகதை எழுதியவர். ‘காசுமாலை’ என்ற தொகுப்பு 1971இல் வந்தது. கட்டுரை எழுதியபோது நான் அதைப் படித்திருக்கவில்லை. படிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. விமர்சகனின் நேர்மை பற்றிப் பிறருக்குப் போதித்துக்கொண்டிருந்த காலம் அது.

1948இல் புதுமைப்பித்தன் க்ஷயரோகத்தில் இறந்தபோது மகள் தினகரி சின்னக் குழந்தை. தகப்பன் என்பவர் அந்தக் குழந்தைக்குத் தாயின் பேச்சிலும் தாய் கட்டிவைத்த காகிதங்களிலும்தான் இருந்திருக்க முடியும். ரகுநாதன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1951இல் வந்துவிட்டது. கடிதங்கள் அச்சேற மேலும் 43 ஆண்டுகள். கமலா 1995இல் காலமானார். பிறகு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பில் 1998இல் ‘அன்னை இட்ட தீ’, 2000இல் முழுக் கதைத் தொகுப்பு. அரசு எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது 2002இல். இந்த வருஷங்களை வரிசையாகச் சொல்லிவிடுவது சுலபம். நாட்டின் உடைமையாவதற்கு முன் அந்தக் கடிதக்கட்டு ஒரு வீட்டின் உடைமையாக இருந்தாக வேண்டும். பழைய பேப்பர்காரன் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் யாரோ ஒருவர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கடிதங்களில் நமக்குக் கேட்பது ஒரு குரல். புதுமைப்பித்தன் ஊர் ஊராக இருந்து எழுதியவை கமலாவின் வீட்டில் மிஞ்சின. கமலா எழுதியவை போன இடங்களில் பெட்டி ஏது, பூட்டு ஏது? ஆகவே தாய் தந்தை இருவரும் எழுத்தாளர்களாக வாய்த்த மகளுக்கு வேலை இரண்டு. தந்தையின் பிரதியைக் காப்பது ஒன்று. அதற்குக் கேட்டு வர ஆள் உண்டு. பதிப்பாசிரியர் வருவார், என்னைப் போன்றவர்களும் வருவார்கள். தாயும் எழுதினாள் என்று ஞாபகப்படுத்துவது மற்றொன்று. அதைக் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. நான் தட்டவில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு நாடகம் எழுதியவர். அம்மா மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் என்னவோ எழுதிக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது அப்பாவின் நாடகங்களைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தேன். கணக்கு நோட்டுகளை எடைக்குப் போட்டேன். நாலு கிலோவோ ஐந்து கிலோவோ. ஒன்றையாவது திருப்பிப் பார்க்கவில்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். பிற்பாடு அக்கா கேட்டாள்: “அப்பாவோடது இருக்கு. அம்மா நோட்டு எங்கடா?” பெட்டியில் இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

கடன் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தலைவி பாடு நோட்டை பாலித்தீன் பையில் போட்டு, வாயை முறுக்கி, அதன் மேல் இன்னொரு பையைச் சுற்றினார். கடல்காற்று காகிதத்தைத் தின்றுவிடும் என்றார். யாருக்கும் இனி அந்தக் கணக்கு வேண்டியிருக்காது. “எங்கம்மா எழுத்தாச்சே சார்” என்றார் தானாகவே.

திரும்பும்போது பஸ்ஸில் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. ‘காசுமாலை’யைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு என் கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டும். அது செய்யக்கூடிய காரியம். அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.