தகரச்சீட்டிலிருந்து கடவுச்சீட்டு வரை

விமானப் பிரயாணம் பற்றிய பேச்சில் இன்று ஒரு பெருமூச்சு எப்பொழுதும் கலந்திருக்கின்றது. கால் நீட்ட இடமிருந்த ஆசனங்கள் ஒடுங்கிவிட்டன. பீங்கான் தட்டிற் பரிமாறப்பட்ட உணவு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து விழாவுக்குச் செல்வதுபோற் சென்ற பிரயாணிகள் இப்பொழுது இடுப்புப்பட்டியைக் கழற்றிக் கையிலேந்திச் சோதனை வாயிலின் முன் வரிசையில் நிற்கின்றனர். 1950களையும் 1960களையும் விமானப் பயணத்தின் பொற்காலம் என்று போற்றும் நூல்களும் கட்டுரைகளும் உலகெங்கும் மலிந்துள்ளன. இக்கூற்று பொய்யெனத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அப்பொற்காலத்திலே விமானத்துள் அமர்ந்திருந்தோர் யாவர் என்ற வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. பதுளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் உள்ள தோட்டங்களின் லயங்களிலிருந்து நோக்குமிடத்து, அதே வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது.

இலங்கையின் முதலாவது விமான சேவையான எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. அந்நிறுவனம் அப்பொழுது வைத்திருந்தவை டக்கோட்டா வகையைச் சேர்ந்த மூன்று விமானங்கள். அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயரிட்டிருந்தனர். டக்கோட்டாவில் இருபதுக்குச் சற்று மேற்பட்டோரே அமரலாம். உள்ளறைக் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஆதலால் அது மேகங்களுக்கு மேலே ஏறிச் செல்ல இயலாது, மேகங்களூடே குலுங்கிச் செல்லும். காதடைப்புக்கு இனிப்பும் பஞ்சும் கொடுத்தார்கள். குமட்டுவோருக்குக் கடதாசிப் பை இருந்தது. பொற்காலம் என்று பேசுவோர் இந்தக் கடதாசிப் பையை மறந்துவிடுகின்றனர்.

அந்த விமானம் இறங்கிய அதே தமிழ்நாட்டிலிருந்துதான் ஊவாவின் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் வந்திருந்தனர். ஆனால் அவர்கள் வந்த வழி வேறு. தொடக்ககாலத்தில் வந்தோர் தோணியிற் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கு வீதி எனப்பட்ட காட்டுப்பாதையாற் கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். காய்ச்சலும் பேதியும் பசியும் வழியிற் கொண்டோர் பலர். பின்னர் ஒழுங்குகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்ட சிறு தகரத் துண்டொன்றைக் கயிற்றிற் கோத்துத் தொழிலாளியின் கழுத்திற் கட்டிவிடுவர். அதைக் காட்டினால் மண்டபம் முகாமில் உணவு கிடைக்கும்; கப்பலில் இடம் கிடைக்கும்; புகையிரதத்தில் ஏற்றுவர். செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கிற் பதியப்படும். சீட்டிற் பெயர் இல்லை. போகும் இடத்தின் எண் மட்டுமே இருந்தது. பொதிக்குக் கட்டும் அடையாளச்சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. ஊவாவின் புகையிரதப் பாதையோ பண்டாரவளையுடன் பல ஆண்டுகள் நின்று, தெமோதரையின் வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து 1924இலேயே பதுளையை எட்டியது. இன்று வெளிநாட்டுப் பயணிகள் கதவிலே தொங்கிப் படமெடுத்துக் கொள்ளும் அப்பாதை, தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசெல்லவும் ஆட்களை மேலே கொண்டுவரவும் அமைந்த பாதையென்பதை நினைவிற் கொள்வது நன்று.

எயார் சிலோன் பறக்கத் தொடங்கி ஓராண்டு நிறைவதற்கிடையில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் அச்சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. எனவே விமானத்தின் ஆசனம் அகன்றிருந்ததா, உணவு சூடாயிருந்ததா என்பன போன்ற வினாக்கள் அவனைப் பொறுத்தவரை எழவேயில்லை. துரைமார் விடுமுறைக்குத் தாய்நாடு செல்லக் கப்பலை விட்டு விமானத்தை நாடத் தொடங்கிய காலமும் அதுவே. துரையின் பெட்டியைச் சுமந்து காரில் ஏற்றிய தொழிலாளிக்கும் அந்த விமானத்துக்கும் இடையே இருந்த தூரம் பணத்தால் மட்டும் அளக்கத்தக்கதன்று.

தோட்டத் தமிழர் பலரின் கைக்கு முதன்முதலாகக் கடவுச்சீட்டு வந்த விதம் விசித்திரமானது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொள்வதென 1974இல் முடிவாயிற்று. இந்தியப் பிரசாவுரிமை பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. பிரயாணம் செய்வதற்கான பத்திரம் என்ற பெயர் அதற்கு இருந்தபோதிலும், போவதற்கு மட்டுமே அது பயன்பட்டது. பதுளையிலும் பண்டாரவளையிலும் புறப்பட்ட குடும்பங்கள் பொல்காவலையில் திரும்பி, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தன. 1964 டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. அந்தப் புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றோரும் பெட்டியில் இருந்தோரும் ஒரே குரலில் அழுதனர் என்பதைத் தவிர அப்பெயருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தகரப் பெட்டிகளின் மூடியிலே வெள்ளை வர்ணத்தால் பெயரும் தோட்டமும் எழுதப்பட்டிருந்தன. இனி அவ்விடத்துக்குத் தாம் திரும்பப் போவதில்லை என்று அறிந்தோரும் தோட்டத்தின் பெயரையே எழுதினர். 1984இல் போர்ச் சூழலால் கப்பலும் நின்றது.

இதற்கிடையில் வானத்தில் வேறு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1970இற் சேவைக்கு வந்த போயிங் 747 நானூறு பேரளவில் ஒரே தடவையிற் கொண்டுசென்றது. கட்டணம் படிப்படியாகக் குறைந்தது. எயார் சிலோன் 1978இல் மூடப்பட, 1979 செப்டெம்பரில் எயார் லங்கா தொடங்கியது. அடுத்த ஆண்டே ட்ரைஸ்டார் என்னும் பெரிய விமானங்கள் அதற்கு வந்தன. 1973இன் எண்ணெய் விலையேற்றம் வளைகுடா நாடுகளிற் செல்வத்தைக் குவித்திருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இலங்கையரின் வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. வீட்டுப் பணிப்பெண்களாகச் சிங்களப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் முதலிற் சென்றனர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தோட்டப் பெண்கள் பிந்தியே சென்றனர். பிரசாவுரிமைச் சிக்கல் அதற்கு ஒரு காரணம். 1988இன் சட்டமும், ஈற்றில் 2003இன் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையை நீக்கின. ஆக, டக்கோட்டா பறந்து நாற்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் கழிந்த பின்னரே, லயத்துப் பெண்ணொருத்தி தன் பெயரும் படமும் பொறித்த இலங்கைக் கடவுச்சீட்டுடன் விமானப் படிக்கட்டில் ஏறுவது வழமையான காட்சியாயிற்று. பொற்காலம் முடிந்துவிட்டதென மற்றையோர் முறையிடத் தொடங்கிய வேளையிலேதான் அவளுக்கு ஆசனம் கிடைத்தது.

அவளது பிரயாணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. கொழுந்து மலையின் அடிவாரத்தில், வேன் வந்து நிற்கக்கூடிய இடத்தில் அது தொடங்குகின்றது. மாரியம்மன் கோயில் திருநீறு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், வாழையிலையிற் சுற்றிய தேங்காய் ரொட்டி, உறக்கம் கலையாத பிள்ளை. ஒருத்தியை வழியனுப்பப் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவர். மாலையிற் புறப்பட்டால் ஹப்புத்தளையின் பனியையும் பெலிஹுல்ஓயாவின் வளைவுகளையும் இரத்தினபுரியையும் கடந்து கட்டுநாயக்காவை அடைய ஆறு முதல் எட்டு மணி நேரம் செல்லும். கட்டுநாயக்காவிலிருந்து டுபாய்க்கோ குவைத்துக்கோ விமானம் செல்லும் நேரம் ஏறத்தாழ ஐந்து மணிதான். அரேபியக் கடலைக் கடப்பதிலும் ஊவாவிலிருந்து இறங்குவதே நெடிய பிரயாணம் என்பதை அத்தோட்டங்களைச் சாராதோர் எளிதில் நம்பமாட்டார்.

விமானத்துள் அவள் காண்பவற்றுக்கும் பெருமூச்சு விடுவோர் காண்பவற்றுக்கும் ஒப்புமை குறைவு. ஆசனம் ஒடுக்கமானதென்று அவளுக்குத் தோன்றுவதில்லை. ஆறேழு பேர் ஒரே காம்பிராவில் உறங்கியெழுந்தவளுக்கு, மற்றொருவர் உரிமை கோராத ஓர் இருக்கை புதுமையாகும். பட்டியை மாட்டத் தெரியாது அயலிலிருப்பவளைப் பார்த்து மாட்டுகிறாள். உணவுத் தட்டிலுள்ள சிறு பொட்டலங்களில் எது உப்பு, எது சீனி எனப் பிரித்தறிவதற்குள் தட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. பிறர் கொழுந்து பறித்த தேயிலையைப் பிறர் ஊற்றிக் கொடுக்க அவள் அமர்ந்தபடி பருகுவது அங்கேதான். புறப்பாட்டுப் படிவத்தை நிரப்பத் தெரியாதோர், எழுதத் தெரிந்த ஒருத்தியைச் சூழ்ந்து நின்ற காட்சி கட்டுநாயக்காவில் நெடுங்காலம் சாதாரணமானது. அந்த ஒருத்தி பல பெண்களின் பெயரையும் பிறந்த திகதியையும் ஒரே இரவில் எழுதி முடித்திருப்பாள்.

பிரயாணிகள் யாவருக்கும் பொதுவான மாற்றங்கள் அவளையும் தொட்டன. விமானத்துட் புகைத்தல் 1990களிற் படிப்படியாக ஒழிந்தது. 2006 ஓகஸ்டில் இலண்டனில் ஒரு சதி வெளிப்பட்ட பின்னர் கைப்பையிலுள்ள திரவங்களுக்கு வரையறை வந்தது. காபன் தாளுடன் கூடிய கடதாசிப் பிரயாணச்சீட்டு 2008 ஜூன் முதலாந் திகதியுடன் உலக விமான சேவைகளில் வழக்கொழிந்தது. ஆனால் இலங்கையில் விமான நிலையத்தின் வாயில் இறுகியமைக்கு உள்நாட்டுக் காரணம் உண்டு. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில் நின்ற ட்ரைஸ்டாரிற் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். 2001 ஜூலை 24ஆம் திகதி விமான நிலையமே தாக்கப்பட்டு விமானங்கள் பல அழிந்தன. போர்க்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் வேன் வழியெங்கும் சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டது. அடையாள அட்டையிலுள்ள தமிழ்ப் பெயர் உரத்து வாசிக்கப்படும். விமானத்தைத் தவறவிடுவதற்குப் பெயரே போதுமான காலம் அது. வழியனுப்புவோர் உள்ளே செல்வதும் அருகிற்று. ஒப்பாரிக் கோச்சிக்கு மேடையாவது இருந்தது. இங்கே கண்ணாடிக் கதவு ஒன்று திறந்து மூடுகின்றது, பிள்ளை கதவுக்கு இப்பால் நின்றுவிடுகின்றது.

இறங்கும் நிலையத்தில் நிகழ்வதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. கஃபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையின்கீழ் பணிப்பெண்ணின் வீசா ஓர் எசமானரின் பெயரோடு பிணைக்கப்படுகின்றது. அவர் வந்து ஒப்பமிட்டுக் கூட்டிச் செல்லும்வரை அவள் ஓர் அறையில் மற்றையோருடன் காத்திருக்க வேண்டியதுண்டு. கூட்டிச் சென்றதும் கடவுச்சீட்டு வாங்கிவைக்கப்படுகின்றது. அந்நாடுகள் பலவற்றின் சட்டமே அதனை அனுமதிக்காதபோதிலும் வழக்கம் அவ்வாறே நிலைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சமூகத்துக்கு மறுக்கப்பட்டிருந்த பத்திரம், கைக்கு வந்த மறுநாளே இன்னொருவரின் அலுமாரிக்குட் செல்கின்றது. கங்காணியையும் தகரச்சீட்டையும் கேள்வியுற்ற பாட்டிமார் இதனைக் கேட்டு வியப்படைவதில்லை.

அவ்வலுமாரி திறவாமையின் விலை நெருக்கடிக் காலங்களில் வெளிப்பட்டது. 1990 ஓகஸ்டில் குவைத் கைப்பற்றப்பட்டபோதும், 2006 ஜூலையில் லெபனானில் குண்டுகள் விழுந்தபோதும், இலங்கைப் பணிப்பெண்கள் பலர் கடவுச்சீட்டின்றியே ஓடி, அயல்நாட்டு எல்லைகளைத் தாண்டி, ஏற்றிச்செல்ல வந்த விமானங்களில் ஏறினர். 2020இல் கொரோனாத் தொற்றினாற் கட்டுநாயக்கா மூடப்பட்டபோது ஏறுவதற்கு விமானமே இல்லை. வேலையிழந்தோர் மாதக்கணக்காகக் காத்திருந்தனர்.

2013 மார்ச்சில் மத்தளையில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஊவாவின் தோட்டங்களுக்குக் கட்டுநாயக்காவிலும் அது அண்மையானது. ஆயினும் பிரயாணிகள் விமானங்கள் அங்கு அரிதாகவே வந்தன. அதன் களஞ்சியங்களில் ஒரு காலத்தில் நெல் சேமிக்கப்பட்டது. வேன்கள் பழைய வழியிலேயே செல்கின்றன.

திரும்பி வருவோருக்கெனக் கட்டுநாயக்காவின் வருகை மண்டபத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. வேறு நாடுகளின் விமான நிலையங்களில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கப்படும் தீர்வையற்ற கடைகளில், இங்கே சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் விற்கப்படுகின்றன. இரண்டு ஆண்டுகளின் உழைப்பில் ஒரு பகுதி அங்கேயே பெட்டியாக மாறி வேனின் கூரைக்கு ஏறுகின்றது. இரத்தினபுரியையும் ஹப்புத்தளையையும் கடந்து அது பத்திரமாக வந்து சேரும். லயத்துக்குச் செல்லும் கடைசி அரை மைலில் வேன் ஏறாது. அங்கே கயிறு கட்டி, நால்வர் தோளிற் சுமந்து, மழைக்கு முன் மேலே கொண்டுசெல்கின்றனர்.