முற்றத்துத் தோசைக்கல்

போடியிலிருந்து மலையேறித் தேவிகுளத்தில் குடியமர்ந்த நாங்கள், உறவினர் கூடினால் முற்றத்தில் தோசை வார்ப்பதற்கென அகன்ற கல்லொன்றும் எரிவாயு அடுப்பும் வாங்கினோம். மெல்லிய தகடு மலிவுதான். ஆயினும் நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. ஆகவே கனத்த இரும்பையே தேர்ந்தோம். எண்ணெய் தடவிப் பன்னாள் பழக்கிய பின்னரே அது எங்கள் சொற்கேட்டது.

மார்கழியில் சுடர் சோர்ந்தது. சிலிண்டரில் கலந்துள்ள இரண்டு வாயுக்களுள் புரோப்பேன் கடுங்குளிரிலும் ஆவியாகும். பியூட்டேனோ 0 டிகிரியை நெருங்கினாலே சோம்பிவிடும். காரணம் அறியாத நாங்கள், ஓரிரவு அடுப்பை அறைக்குள் கொணர்ந்து கதவடைத்துக் குளிர்காய்ந்தோம். சற்றைக்கெல்லாம் குழந்தைக்குத் தலை சுற்றியது. தாயார் விரைந்து கதவைத் திறந்ததால் பிழைத்தோம். அடைத்த அறையில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை.

அன்பர்களே, முற்றத்து அடுப்பு முற்றத்திலேயே இருக்கட்டும். குளிருக்குக் கம்பளி போதும்.