வெட்டிய ஓரம்

பொள்ளாச்சி பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் 12 கிலோமீட்டர். இறங்கி, தென்னந்தோப்பு வழியே ஒன்றரை கிலோமீட்டர் நடை. பட்டறை தெரிவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. ஊறிய மட்டையின் புளிப்போடு உருகும் பிளாஸ்டிக்கின் மெழுகு நெடி.

தென்னை நாரையும் கழிவு பிளாஸ்டிக்கையும் கலந்து பலகை செய்கிற இடம். "எந்த பிளாஸ்டிக் வந்தாலும் போட்டுருவோமுங்க" என்றார் உரிமையாளர். ஆனால் சுவரோரம் தண்ணீர் பாட்டில்கள் என் தோளுயரம் குவிந்திருந்தன. ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கத்தரித்துக் கழுவிக்கொண்டிருந்ததெல்லாம் பழைய உரச்சாக்குகள். காயலான் கடையில் கிலோ 22 ரூபாய்க்கு வாங்குகிறார்களாம்.

பாட்டில் ஏன் சும்மா கிடக்கிறது என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. உரச்சாக்கு பாலிப்ரொப்பிலீன், சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். பாட்டில் பெட் பிளாஸ்டிக். அதற்கு 250 டிகிரி வேண்டும். நாரோ 200 தாண்டினாலே கருகத் தொடங்கும். பாட்டில் இளகுவதற்குள் நார் கரியாகிவிடும். கலக்கும் எந்திரத்தின் சிவப்பு எண் 178 காட்டியது.

நாரை காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். மேலே உள்ள மெழுகு போனால்தான் பிளாஸ்டிக் பிடிக்குமாம். கையில் எடுத்தேன், சொரசொரப்பாக, வெயில் சூட்டோடு இருந்தது. காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஒரு பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னும் ஈரமிருக்குது கண்ணு. இப்பப் போட்டா பலகை பொங்கிரும்." பொங்கிய பலகை ஒன்றை உடைத்தும் காட்டினார். உள்ளே ஆப்பத்தில் இருப்பது போல ஓட்டைகள், நீராவி போன வழி. அந்தக் கன்னத்தை நான் எந்த மீட்டரைவிடவும் நம்புவேன்.

நறுக்கிய நாரும் சாக்குத் துண்டும் சூடான இரட்டை உருளைக்குள் போய், பழுப்பு மாவாகப் பிசையப்பட்டு வெளியே வந்தன. அதை அச்சில் வைத்து அழுத்தினால் பலகை.

"தண்ணி ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் உரிமையாளர். குழாயடியில் கால் வைக்க ஒரு பலகை போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மேற்பரப்பு வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. ரம்பம் பட்ட ஓரத்தில் மட்டும் நார் நுனிகள் எட்டிப்பார்த்தன. அங்கே பலகை உப்பியிருந்தது, நகம் இறங்கியது. காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புதுத் துண்டு ஒன்றை இரண்டாக அறுத்தார். ஒன்றின் ஓரங்களைச் சூடான இரும்புத் தகட்டில் இழுத்தார். பிளாஸ்டிக் இளகி நார் நுனிகளை மூடியது.

இரண்டையும் கேட்டு வாங்கி வந்து வீட்டு வாளியில் மூன்று நாள் போட்டு வைத்தேன். சும்மா அறுத்த துண்டின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படும் அளவு தடித்திருந்தது. இழுத்து மூடிய துண்டை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஓரமும் நேராகவே இருந்தன.