கார்க்கசோன் கோட்டையில் குடியிருந்தவர்கள்

துலூஸ், பிரான்சு.



பிரான்சு தேசத்துக்கு யாத்திரை வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் பாரிஸைப் பார்த்து முடித்து, நாட்கள் மிஞ்சினால் லுவார் நதிக்கரை அரண்மனைகளில் இரண்டொன்றுக்குள் நுழைந்து வெளியே வந்து, பிரெஞ்சுக் கோட்டை என்பது இவ்வளவுதான் என்ற அபிப்பிராயத்தோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. லுவார்க்கரை மாளிகைகள் அழகானவையே. ஆனால் அவற்றின் அகன்ற சாளரங்களையும் வரிசை பிசகாத பூந்தோட்டங்களையும் பார்த்த மாத்திரத்தில், பகைவன் வருவான் என்ற பயம் போய், விருந்தாளி வருவான் என்ற எதிர்பார்ப்பு பிறந்த காலத்தில் எழுந்த கட்டடங்கள் இவை என்பது விளங்கிவிடும். யுத்தத்துக்கென்றே கட்டிய மதிலையும், அதன் நிழலில் வாழ்ந்தும் கெட்டும் போன ஜனங்களின் சரித்திரத்தையும் ஒருசேர அறிய விரும்புகிறவர்கள், நான் குடியிருக்கும் இந்தத் துலூஸ் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய கார்க்கசோனுக்கு வரவேண்டும்.

வடக்கே கறுப்பு மலை என்று பெயர் பெற்ற மலைத்தொடர். தெற்கே கோர்பியேர்க் குன்றுகளும் அவற்றுக்கு அப்பால் பனி மூடிய பிரனே சிகரங்களும். இவற்றின் நடுவே, அட்லாண்டிக் பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறவன் வணிகனானாலும் சேனாதிபதியானாலும் கடந்தே தீரவேண்டிய சமவெளியில், ஓத் நதியின் வலது கரை மேட்டின்மீது இந்தக் கோட்டை உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்கள், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம், 52 கொத்தளங்கள். தூரத்திலிருந்து பார்க்கையில், குழந்தைகளின் சித்திரப் புத்தகத்தில் ராஜகுமாரியைச் சிறைவைத்த கோட்டை எப்படி இருக்குமோ அப்படியே, ஒரு ஞாயில்கூடச் சிதையாமல், ஒரு கூரைகூடச் சரியாமல் நிற்கிறது. இந்தப் பரிபூரணம்தான் பார்க்கிறவன் மனத்தில் முதல் சந்தேகத்தைக் கிளப்பும். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோட்டைக்குள் போகிற அவசரத்தில் எல்லோரும் நார்போன் வாயிலை நோக்கி நடக்கிறார்கள். அங்கே தாம் கார்க்காஸ் என்னும் சீமாட்டியின் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. சார்லமேன் சக்கரவர்த்தி முற்றுகையிட்டபோது, கடைசியாக மிஞ்சியிருந்த பன்றிக்கு மிஞ்சியிருந்த கோதுமையை ஊட்டி மதிலுக்கு வெளியே எறியச் செய்து, உள்ளே தானியம் ஏராளம் என்று பகைவனை நம்பவைத்தவள் அவள் என்பது கர்ண பரம்பரை. சார்லமேனுடைய தகப்பனார் பெப்பன் 759-இலேயே இந்த ஊரைக் கைப்பற்றிவிட்டார் என்று சரித்திரக்காரர்கள் எவ்வளவு சொன்னாலும், அந்தப் பன்றி அசைந்து கொடுப்பதாயில்லை.

நான் சொல்வதைக் கேட்பவர்கள் அந்த வாயிலை விட்டு, இரு மதில்களுக்கும் இடையே ஓடுகிற, இந்நாட்டார் 'லீஸ்' என்றழைக்கும் நடைவெளிக்குள் இறங்கி, உள்மதிலைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சுற்றிவர வேண்டும். ரோமானியர் தங்கள் சாம்ராஜ்யத்தின் கடைக்காலத்தில், காட்டு இனத்தார் படையெடுப்புக்கு அஞ்சிக் கட்டிய பகுதிகளில், உள்ளங்கையளவு சதுரக் கற்களுக்கு நடுவே சிவந்த செங்கல் வரிகள் ஓடும். அவர்களுடைய கொத்தளங்கள் வெளிப்புறம் லாட வளைவாகவும் உட்புறம் தட்டையாகவும் இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு மூன்றாம் பிலிப் அரசன் கட்டிய பகுதிகளிலோ, நடுப்பகுதி புடைத்து நிற்கும்படி செதுக்கிய பெரிய மணற்கற்களைக் காணலாம். இவ்வளவையும் எந்தப் பள்ளி மாணவனும் கண்டுபிடித்துவிடுவான். ஆச்சரியம் வேறொன்றில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் இந்த நடைவெளியைச் சமன் செய்வதற்காக மண்ணை வெட்டித் தாழ்த்தியபோது, ரோமானிய மதிலின் அஸ்திவாரம் அந்தரத்தில் தொங்க நேர்ந்தது. அரசனுடைய கொத்தர்கள் பழைய சுவரை இடிக்காமல், அதற்கு அடியிலே புதிய சுவரைச் செருகித் தாங்கினார்கள். ஆகையால் சில இடங்களில் பழையது மேலேயும் புதியது கீழேயுமாக, காலக் கிரமமே தலைகீழாகி நிற்கிறது. இத்தனை தைரியமான வேலையை நான் வேறெந்தக் கோட்டையிலும் பார்த்ததில்லை.

இனி ஜனங்களின் கதைக்கு வருகிறேன். 12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரதேசத்தை ஆண்டவர்கள் திரான்கவெல் வம்சத்தார். மேற்குப் பக்கத்து உட்கோட்டை அவர்கள் கட்டியதே. நன்மைக்கு ஒரு தெய்வமும் தீமைக்கு ஒரு சக்தியும் உண்டென்றும், கண்ணுக்குத் தெரியும் இந்த உலகம் தீமையின் சிருஷ்டியென்றும் நம்பி, ஊன் துறந்து, ரோமாபுரித் திருச்சபையின் சடங்குகளைப் புறக்கணித்து வாழ்ந்த கத்தார்கள் என்னும் மதத்தினர் அவர்களுடைய சீமையில் நிம்மதியாக இருந்தார்கள். அரசர் கத்தோலிக்கர்தாம், ஆனாலும் பிரஜைகளின் மனத்துக்குள் புகுந்து வேவு பார்க்கும் வழக்கம் அந்த வம்சத்துக்கு இல்லை. அந்தச் சகிப்புத்தன்மைக்கு விலை கொடுக்கும் நாள் வந்தது. மூன்றாம் இன்னசென்ட் போப்பாண்டவரின் அழைப்பை ஏற்று வடக்கிலிருந்து திரண்ட சிலுவைப்படை, 1209 ஜூலை 22 அன்று பெசியே நகரத்தில் ஆண் பெண் பேதமின்றி வெட்டிக் குவித்துவிட்டு, அடுத்த மாதத் தொடக்கத்தில் இங்கே வந்து சூழ்ந்தது. கோடை உச்சம், ஆற்றுக்குப் போகும் வழி அடைபட்டது, உள்ளே தஞ்சம் புகுந்தவர்களோ ஏராளம். மதில் தோற்கவில்லை, தண்ணீர்தான் தோற்றது. 24 வயதே நிரம்பிய ரேமோன் ரோஜே திரான்கவெல் சமாதானம் பேசப் போன இடத்தில் சிறைப்பட்டான். ஆகஸ்டு 15 அன்று ஊர் பணிந்தது. உயிர்ப்பிச்சை கிடைத்தது, ஆனால் வீடு, வாசல், பண்டம் பாத்திரம் அனைத்தையும் விட்டு உடுத்த துணியோடு எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. இளவரசன் தன் சொந்தக் கோட்டையின் நிலவறையிலேயே அந்த நவம்பரில் இறந்தான். வயிற்றுக்கடுப்பு என்றார்கள், நம்பினவர்கள் நம்பினார்கள். அவனுடைய பதவி, படையில் வந்த சிமோன் தெ மோன்போருக்குப் போயிற்று.

இது முதல் வெளியேற்றம். கோட்டை பிரெஞ்சு அரசனுடைய உடைமையான பிறகு, 1240-இல் இறந்தவனுடைய மகன் திரும்பி வந்து முற்றுகையிட்டான். மதிலுக்கு வெளியே இருந்த புறச்சேரிவாசிகள் பழைய எஜமானுடைய பிள்ளை என்ற பாசத்தால் அவனுக்குக் கதவு திறந்தார்கள். அரசனுடைய படை வந்து அவனை விரட்டியதும் அந்தச் சேரிகள் தரைமட்டமாக்கப்பட்டன. வீடிழந்தவர்கள் சில ஆண்டுகள் அலைந்த பின்னரே, நதிக்கு அப்புறம் குடியேறிக்கொள்ள ஒன்பதாம் லூயி மன்னர் அனுமதி தந்தார். நூல் பிடித்ததுபோல் நேராகக் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் ஓடும் பஸ்தீத் என்னும் கீழூர் அப்படிப் பிறந்ததுதான். 1355-இல் இங்கிலாந்தின் கறுப்பு இளவரசன் வந்தபோது அந்தக் கீழூரைக் கொளுத்தினானே தவிர, மேட்டுக் கோட்டையைத் தொடத் துணியவில்லை.

1659-இல் பிரனே உடன்படிக்கை கையெழுத்தாகி, ஸ்பெயினுடனான எல்லை மலைகளுக்கே தள்ளிப் போய்விட்டதும், எல்லைக் காவலுக்கென்று இருந்த கோட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. பணமும் வியாபாரமும் கீழூரில் சேர்ந்தன. அதன் கம்பளித் துணிகள் கப்பலேறித் துருக்கிச் சுல்தானின் துறைமுகங்களுக்குப் போயின. மேட்டிலே ஏழைகள் தங்கினார்கள். நெசவுத் தொழிலாளிகள், கூலிக்காரர்கள், வாடகை கொடுக்க வகையற்றவர்கள், நான் மேலே சொன்ன நடைவெளியில் மதிலையே பின்சுவராக வைத்துக் குடிசையும் சிறு வீடுமாகக் கட்டிக்கொண்டார்கள். மன்னர்கள் கைவிட்ட சுவரை இவர்கள்தாம் உபயோகித்து வந்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் மதிற்கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோகிற காரியமும் நடந்தது. 1850-இல் கோட்டையை ராணுவப் பட்டியலிலிருந்தே நீக்கும் ஆணை பிறந்தது. அதாவது இடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். உள்ளூர்ச் சரித்திர ஆராய்ச்சியாளர் ழான் பியேர் க்ரோ மேரெவியேயும், புராதனச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக இருந்த கதாசிரியர் புரோஸ்பேர் மெரிமேயும் கிளர்ந்தெழுந்ததன் பயனாக அந்த ஆணை ரத்தாயிற்று. வியோலெ லெ த்யூக் என்ற கட்டடக் கலைஞரிடம் 1853-இல் ஜீர்ணோத்தாரணப் பணி ஒப்படைக்கப்பட்டது. 1879-இல் தாம் இறக்கும் வரை அவர் இந்த வேலையை விடவில்லை. இன்று நாம் பார்ப்பது பாதி பழைய மன்னர்களுடைய கோட்டை, பாதி இவருடைய கனவு. ஒரு கட்டடம் எந்தக் காலத்திலும் முழுமையாக இருந்திராவிட்டாலும் அதை முழுமையாக்குவதே புதுப்பித்தல் என்று எழுத்திலேயே சொன்னவர் அவர், சொன்னபடி செய்தார். கொத்தளங்கள்மேல் நெற்குதிரின் கூரைபோலக் கூம்பிய சாம்பல்நிறச் சிலேட்டுக் கூரைகளைக் கவிழ்த்தார். பனி கொட்டும் வடதேசத்துக்குப் பொருத்தமான கூரை, வெயில் கொளுத்தும் தெற்கிலே எதற்கு, இங்கே தட்டையான சிவப்பு ஓடுதானே வழக்கம் என்று அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் சில ரோமானியக் கொத்தளங்களின் சிலேட்டை எடுத்துவிட்டு ஓடு வேய்ந்துகூடப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், சிலேட்டு எனக்கு உறுத்தவில்லை. அரசனுடைய கொத்தர்களும் வடக்கிலிருந்து வந்தவர்கள்தாமே. அவர்கள் என்ன வேய்ந்தார்கள் என்பதைப்பற்றி மாலை நேரத்தில் திராட்சை ரசத்தோடு விவாதிக்கலாம், பாதகமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. மதில் தன் முழு வடிவத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, நடைவெளியில் இருந்த அந்த நெசவாளிகளின் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டன; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த இடிப்பு நீடித்தது. கலாரசனையின் பேரால் நடந்தபடியால் அதை யாரும் முற்றுகை என்று சொல்வதில்லை. ஆனால் அதன் பலன் 1209-இல் நடந்ததிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல. சிலேட்டுக்காக எத்தனை புத்தகங்கள்! உட்கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வழிகாட்டியின் பின்னால் நடந்தபோது, மரத்தாலான போர்ப் பரண்களைப்பற்றியும் அம்புத் துளைகளைப்பற்றியும் அவர் விஸ்தாரமாகச் சொன்னார். குடிசைகளைப்பற்றி, யாரோ கேட்டதற்கு, சுகாதாரக் குறைவான இடம், அகற்ற வேண்டியதாயிற்று என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். இப்போது அந்த வெளியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு குதிரை வண்டி போகிறது.

கோட்டைக்குள்ளே இன்று இரவு தங்கிக் குடித்தனம் நடத்துகிறவர்கள் மிகச் சிலரே. மரவாள், தகரக் கவசம், மிட்டாய் விற்கும் கடைகளும், மண்சட்டியில் வெள்ளை மொச்சையோடு வாத்து இறைச்சியையும் தொத்திறைச்சியையும் மணிக்கணக்காக வேகவைத்த கசூலே என்னும் பண்டத்தைப் பரிமாறும் உணவு விடுதிகளும் தெருவை அடைத்திருக்கின்றன. ராபின் ஹூட் கதையை ஹாலிவுட்டார் 1991-இல் படமாக வெளியிட்டபோது இந்த மதில்களை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் என்று காட்டினார்கள். பாதி வேஷம் போட்ட கோட்டைக்கு முழு வேஷம் போட்டதில் தவறென்ன? இந்தச் சந்தடிக்கு நடுவிலும் சேன் நசேர் தேவாலயத்துக்குள் மட்டும் கட்டாயம் போக வேண்டும். கனத்த தூண்களுடைய இருண்ட பழைய மண்டபத்தில் நடந்து, முன்புறம் வந்ததும், கல் மெலிந்து கண்ணாடி பெருகி, 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் வண்ணச் சாளரங்கள் வழியே நீலமும் சிவப்புமாக வெளிச்சம் தரையில் இறங்குகிற அந்தத் திருப்பத்துக்காகவே இன்னொரு முறை வரலாம்.

ஆனால் மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் பழைய பாலத்தைக் கடந்து கீழூருக்குப் போங்கள். துரத்தப்பட்டவர்களின் ஊர்தான் உயிரோடு இருக்கிறது. நெப்டியூன் சிலை நிற்கும் நீரூற்றைச் சுற்றி, கார்னோ சதுக்கத்தில் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சந்தை கூடுகிறது. காய்கறிக்காரரும் பாலாடைக்கட்டிக்காரரும் கூவி விற்கிறார்கள். அருகே வெர்தன் தெருவில், 1918-இல் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழ் அசைவற்றுப்போன ழோ பூஸ்கே என்ற கவிஞர், 1950-இல் இறக்கும் வரை சாளரம் மூடிய அறையில் படுத்தபடியே எழுதிய வீடு இருக்கிறது. சீமோன் வெய் முதலான சிந்தனையாளர்களும் ஓவியர்களும் அந்தக் கட்டிலண்டை வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை 14 இரவில் கோட்டையே தீப்பற்றியதுபோல் வாணவேடிக்கை நடக்கும். 1898 முதல் உள்ள வழக்கம். அன்று மட்டும் வராதீர்கள், கால் வைக்க இடமிராது. அக்டோபரில் வாருங்கள், ரப்பர் அடியுள்ள செருப்பு வேண்டும், வழியெல்லாம் உருளைக் கல். தொப்பி வேண்டாம், வடமேற்கிலிருந்து வீசும் 'சேர்ஸ்' காற்று அதை நேரே மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். எல்லைக் காவலாக நின்று கார்க்கசோனின் பிள்ளைகள் என்று பெயர் பெற்ற ஐந்து மலைக்கோட்டைகளில், 1255-இல் பணிந்த கேரிபூஸைப்பற்றி அடுத்த மடலில் எழுதுகிறேன். அதற்குள் அந்த மலையேற்றத்துக்கு என் முழங்கால் சம்மதிக்க வேண்டும்.