மருதமுனைத் தரிப்பிடத்தில் இறங்கினேன்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் யன்னல் ஓரமாக இருந்து பயணம் செய்திருக்கிறீர்களா சகோதரிகளே? இடது பக்கம் கடல். வலது பக்கம் வாவி. நடுவில் ஒடுங்கிய நிலத் துண்டு. கல்லடிப் பாலம் தாண்டினால் நாவற்குடா, தமிழ் ஊர். அடுத்தது காத்தான்குடி, முஸ்லிம் ஊர். அதை ஒட்டியே ஆரையம்பதி, மீண்டும் தமிழ் ஊர். பிறகு களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தமிழ் ஊர்கள் தொடரும். அதன் பின் மருதமுனை முஸ்லிம், பாண்டிருப்பு தமிழ், சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் முஸ்லிம். பூமாலையில் இரண்டு நிறப் பூவை மாற்றி மாற்றிக் கோர்த்தது போல இந்த வீதி கிடக்கிறது.

இந்த வீதியில் நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் போய் வருகிறேன். கல்முனை ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு. ஆனால் முஸ்லிம் ஊர்த் தரிப்பிடம் எதிலும் இறங்கியதில்லை. பஸ் அங்கே நின்றால் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரணம் சொல்கிறேன். 1990இல் எனக்கு வயது பதினேழு. அந்த வருடம் எங்கள் அண்ணா சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டு போனார்கள் என்று இன்று வரை தெரியாது. ஆனால் ஊரில் ஒரு பக்கத்தைக் கை காட்டிச் சொன்னார்கள். அம்மா அதை நம்பினா. நானும் நம்பினேன். அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகளும் பெண்களுமாகக் கொல்லப்பட்டார்கள். யூலையில், இதே வீதியால் வந்த முஸ்லிம் பயணிகள் பலர் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். சத்துருக்கொண்டானை எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் பேசியிருக்கிறோம். குருக்கள்மடத்தை ஒரு தரமும் பேசியதில்லை. அந்த ஊரைப் பஸ் தாண்டும்போது கூட எனக்கு அது ஞாபகம் வந்ததில்லை என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

என்னை மருதமுனையில் இறக்கியது நல்லெண்ணம் அல்ல, நூல் விலைதான். எங்கள் மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பேர் கைப்பையும் மேசை விரிப்பும் தைக்கிறோம். பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். கைத்தறித் துணியை ஒரு தரகர் கொண்டு வந்து தருவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அவர் சொன்ன விலைக்குத் துணி வாங்கினால் எங்களுக்குத் தையல் கூலியும் மிஞ்சாது என்றாகிவிட்டது. துணி எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் மருதமுனை. சாறத்துக்கும் சேலைக்கும் பெயர் போன நெசவூர். எங்களிடமிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம். இவ்வளவு காலமும் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக ஒழுங்கையில் நடந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இந்த ஊரையும் பக்கத்துப் பாண்டிருப்பையும் ஒரே அலையில் அள்ளியது. தறிச் சத்தம் கேட்ட வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண் தறியில் இருந்தா. "ஆரு மகள்? உள்ளுக்கு வாங்க, ஒள்ளுப்பம் இரிங்க, இந்த இழைய முடிஞ்சிட்டு வாறன்" என்றா. 'ஒள்ளுப்பம்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் அம்மம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பாருக்கும் விளங்காத அந்தச் சொல் எங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுச் சொத்து.

தேத்தண்ணி வந்தது. வீடு யாருடையது என்று கேட்டேன். "உம்மா எனக்குச் சீதனமாத் தந்த, நான் என்ட மகளுக்குக் குடுக்க வேணும்" என்றா. எங்கள் ஊரிலும் வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். தாய்வழியாக வரும் குடிமுறை அவர்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்பதும் அப்படியே. கோயிலும் பள்ளிவாசலும் வேறு வேறுதான். வீடு ஆளும் முறை ஒன்றாக இருந்திருக்கிறது.

பேச்சு வளர்ந்து 1990க்கு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சுத்தான் அங்கே போகாமல் நிற்கிறது? அவவின் வாப்பா மேற்கே வயல் காவலுக்குப் போனவர் திரும்பவில்லை. யார் என்று அவவுக்கும் தெரியாது. அவவின் ஊரிலும் ஒரு பக்கத்தைக் கை காட்டிச் சொன்னார்கள். அது எங்கள் பக்கம். இரண்டு பேரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவ "மறுகா, எத்தனை யார் வேணும்?" என்று கேட்டா. அழுகையைவிட அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் காரியம் சுலபமாக முடியவில்லை. அவ முற்பணம் கேட்டா. முன்பு ஒருவர் துணி எடுத்துக் காசு கொடுக்காமல் போயிருக்கிறார், அவவின் பயம் நியாயம். எங்கள் சங்கத்திலோ "அந்தப் பக்கத்துக்கு முற்பணமா?" என்று பெரிய சண்டை. 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காமல் இருந்தவர்கள் எங்களுக்குள் பலர். ஒரு சகோதரி அந்த வெடிப்பில் சொந்தக்காரப் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவருக்கு நான் என்ன நியாயம் சொல்ல? சொல்லவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டோம். நூலைச் சங்கமே வாங்கிக் கொடுப்பது, நெய்த யாருக்குக் கூலி கொடுப்பது. நூல் எங்களுடையது என்பதால் எங்களுக்குப் பயமில்லை, கூலி கைக்குக் கை என்பதால் அவவுக்கும் பயமில்லை. நம்பிக்கை வந்த பிறகு சேர்ந்து வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் நாங்கள் இன்னும் காத்துக்கொண்டே இருந்திருப்போம்.

முதல் துணியில் சிவப்புக் கரை நாங்கள் கேட்டதை விட மங்கலாக வந்தது. திருப்பிக் கொண்டு போனேன். முகம் சுளிக்காமல் அடுத்த பாவில் சரி செய்து தந்தா. நோன்பு மாதத்தில் வேலை குறைவாகத்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னா. எங்களுக்கும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அந்த வாரம் தையல் மெசினைத் தொடமாட்டோம் என்று நானும் சொன்னேன். இரண்டையும் ஒரே கலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.

சங்கத்தில் இரண்டு பேர் இன்னும் இந்த ஒழுங்குக்குக் கையெழுத்து வைக்கவில்லை. போன கிழமை நான் துணியைக் கொண்டு வந்து மேசையில் விரித்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தச் சகோதரி கிட்ட வந்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நெசவு நெருக்கமா இருக்கு" என்றார். பிறகு தன் மெசினுக்குப் போய்ப் பழைய துணியையே தைக்கத் தொடங்கினார்.