ஒரு சென்டிமீட்டர் முன்னால

கொஸ்லந்தயில பொறந்த ஒருத்திக்கு பனிச்சறுக்கு பத்தி எழுத என்ன தகுதின்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். பனியை நான் போன்ல மட்டும்தான் பார்த்திருக்கேன். ஆனா சரிவில் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்க லயத்துல இருந்து ரோட்டுக்கு வரவே சரிவுதான். போன மாசம் முழுக்க என் மண்டைக்குள் ஓடிய கேள்வியும் சரிவு பற்றியதுதான்: ஸ்கீ பலகையில் காலை எந்த இடத்தில் பூட்டுவது?

கேட்டது என் அண்ணன். பெரியம்மா மகன். சின்ன வயசிலேயே கனடா போனவர், இப்போ டொரொண்டோவில் வேலை. குளிர்காலம் வந்தால் காலிங்வுட் பக்கத்தில் இருக்கும் புளூ மவுண்டனுக்கு ஸ்கீ விளையாடப் போவார். அங்கே உச்சியில் இருந்து அடிவாரம் வரை மொத்த இறக்கமே கிட்டத்தட்ட 220 மீட்டர்தான். நம்ம தியலும நீர்வீழ்ச்சியின் உயரமும் 220 மீட்டர். "அவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டேன். "வந்து நின்னு பாரு, அப்புறம் பேசு" என்றார்.

இந்த வருஷம் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். முன்நுனி மாதிரியே பின்நுனியும் மேலே வளைந்திருக்கும் ரகம். மலையில் எல்லா இடத்துக்கும் போகலாம், நடுவில் குதிக்கலாம், சுழலலாம், பின்பக்கமாகவும் சறுக்கலாம். பைண்டிங்கை எங்கே பூட்டணும் என்று கடையில் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் உடனே எனக்கு போட்டோ அனுப்பினார்: "நீ புவியியல் படிக்கிறவ, மலையில வளர்ந்தவ. நீயே சொல்லு." விளையாட்டாகத்தான் கேட்டார். நான்தான் நோட்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் விஷயம் என்னன்னு பார்ப்போம். இந்த ரக ஸ்கீ பெரும்பாலும் வெறும் பலகையாகத்தான் விற்பனைக்கு வரும். பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கைத் தனியாக வாங்கி, பலகையில் துளை போட்டு ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். ஒரு துண்டு விரல் பக்கத்தைப் பிடிக்கும், இன்னொன்று குதிகாலை. மோசமாக விழுந்தால் கால் முறியாமல் பூட்ஸைக் கழற்றிவிடுவதும் அதன் வேலைதான். எவ்வளவு விசையில் கழரணும் என்பதைக் கடைக்காரர் எடை, உயரம், வயசு, பூட்ஸின் நீளம், ஆளின் திறமை எல்லாம் பார்த்து வைப்பார். ஆனா எங்கே பூட்டுவது என்பதில் உங்களுக்கும் ஒரு சொல் உண்டு.

பூட்ஸின் பக்கவாட்டில் நடுவைக் காட்ட ஒரு சின்னக் கோடு இருக்கும். பலகையிலும் கம்பனி ஒரு கோடு போட்டிருக்கும். இரண்டும் நேராக வந்தால் அதுதான் கம்பனி சொல்லும் இடம். நான் நினைத்த மாதிரி அது பலகையின் சரிநடுவில் இல்லை. பழைய பாணி ஸ்கீகளில் நடுவில் இருந்து 10, 12 சென்டிமீட்டர்கூடப் பின்னால் இருக்கும். முன்னோக்கி மட்டும் போகிறவருக்கு முன்னால் நீளம் வேண்டும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவில் இருந்து தனியாகப் போன குல்மார்க்காரர் ஆரிஃப் கான் மாதிரி, கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் போட்டிக்காரர்களுக்குப் பின்பக்கமாகச் சறுக்கும் தேவையே இல்லை. குதிக்கவும் சுழலவும் மட்டும் செய்த ஸ்கீகளில் கோடு கிட்டத்தட்ட நடுவுக்கே வந்துவிடும். அண்ணன் வாங்கிய ரகம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

காலை முன்னால் தள்ளினால் முன்பக்க நீளம் குறையும். திருப்புவது லேசாகும். காற்றில் சுழலும்போது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். பின்பக்கமாக இறங்க வால் நீளமாகக் கிடைக்கும். ஆனா ஆழமான புதுப்பனியில் நுனி உள்ளே புதையப் பார்க்கும், வேகத்தில் ஆட்டம் காணும். பின்னால் தள்ளினால் இதெல்லாம் தலைகீழ்: நுனி மிதக்கும், வேகத்தில் நிதானம் இருக்கும், திருப்பத்தான் கூடுதலாக உழைக்கணும். இவ்வளவு வித்தியாசமும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள்!

ஒரு சென்டிமீட்டர் என்ன செய்துவிடும் என்று எனக்கும் தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும். கயிறு கொஞ்சம் நீளமானால் கூடை இடுப்புக்கு இறங்கி, மேட்டில் ஏறும்போது ஆளைப் பின்னால் இழுக்கும். குட்டையானால் முதுகு மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கொல்லும். "பக்கத்து நிரைக்காரி கூடைய மாட்டிக்கிட்டு என்னால ஒரு மணி நேரம் நிக்க ஏலாது. அவ ஒசரம் வேற, என் ஒசரம் வேற" என்றார். பிறகு ஒன்று கேட்டார்: "அவன் போற மலை எப்படி?"

நான் படித்த பக்கங்களில் பல பேர் ஸ்கீயைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மா மலையைக் கேட்டார். ஒன்டாரியோ மலைகளில் பெரும்பாலும் இயந்திரத்தால் அழுத்திச் சமப்படுத்திய கெட்டிப் பனி. குல்மார்க் மேல்சரிவு மாதிரி இடுப்பளவு புதுப்பனியில் அண்ணன் இறங்கப்போவதில்லை. அப்படியென்றால் காலை முன்னால் தள்ளுவதால் வரும் பெரிய நட்டம், நுனி புதைவது, அவருக்கு அதிகம் பொருந்தாது. லாபம் பொருந்தும்.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கூடைக்கயிறு சரியில்லை என்றால் நாளைக்குக் காலையில் அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம். பலகையில் போட்ட துளை போட்டதுதான். பழைய துளைகளை அடைத்துவிட்டு வேறிடத்தில் போடலாம், ஆனா பழையதற்கு ரொம்பக் கிட்டப் போட்டால் ஸ்க்ரூ பிடிக்காது, பலகையும் பலமிழக்கும். தண்டவாளம் மாதிரி முன்னும் பின்னும் நகரும் பைண்டிங்கும் இருக்கு. எடை கொஞ்சம் கூட. சந்தேகம் தீராதவர்களுக்கு அது நல்லது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது மீரியபெத்த ஞாபகம் வராமல் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியபோது நான் சின்னப் பிள்ளை. அந்த இடம் ஆபத்து என்று முன்னாடியே எச்சரிக்கை வந்திருந்தது. மண்ணுக்குள் போனவர்களில் பலரை எடுக்கவே முடியவில்லை. 2016இல்தான் மிஞ்சியவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தன. நம்ம லயங்களை எந்தச் சரிவில் கட்டுவது என்று தோட்டத்துத் தொரைமார் முடிவு செய்தார்கள். அதில் குடியிருக்கப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு விளையாட்டுச் சாமானுக்குத் துளை போடும் முன் "நீங்க எங்க நிக்கப் போறீங்க?" என்று அண்ணனிடம் ஒரு கடைக்காரர் கேட்டிருக்கிறார். எனக்கு அது பொறாமையாகத்தான் இருந்தது. அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவரும் அதே லயத்துப் பிள்ளைதானே.

அதனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லணும் என்று முடிவு பண்ணினோம். எந்த மலை? கெட்டிப் பனி. என்ன செய்ய ஆசை? சின்னச் சின்னக் குதிப்பு, பின்பக்கமாக இறங்கப் பழகுவது. உடம்பு எப்படி? பூட்ஸின் நாக்கில் கணைக்காலை அழுத்தி முன்சாய்ந்து சறுக்குகிற பழக்கமா, நிமிர்ந்து நிற்கிற பழக்கமா? அண்ணன் நிமிர்ந்து நிற்பவர். மூன்றும் ஒரே பக்கம் காட்டின. அதுக்காக ரொம்பத் தள்ளவும் வேண்டாம், கம்பனிக்காரன் அந்தக் கோட்டைச் சும்மா போடவில்லை. பதில் தெளிவாக வராதவர்கள் அந்தக் கோட்டிலேயே பூட்டுவதுதான் புத்தி.

அண்ணன் கோட்டில் இருந்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் பூட்டச் சொல்லிவிட்டார். கடையில் துளை போட்டாச்சு. இன்னும் பனி விழவில்லை. விழுந்ததும் முதல் இறக்கத்தை வீடியோ எடுத்து அனுப்பணும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கால் எங்கே நிற்கிறது என்று அவருக்குப் பார்க்கணுமாம்.