கோயில் இருக்கும், ஊர் இருக்குமா?

திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலைப் பற்றி எனக்கு அதிகம் கவலை இல்லை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். சேதுபதிகளின் வழிவந்த சமஸ்தானம் பார்த்துவரும் கோயில். அதற்குத் திருப்பணி செய்ய ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது முன்வருவார்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவுக்கும் திண்ணைக்கும் ஓட்டுக்கூரைக்கும் குளத்துக்கும்தான் கேட்பார் இல்லை.

சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பாட்டன் வீட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இடிச்சிட்டு லாட்ஜ் கட்டிடலாமே தாத்தா” என்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரைக் கடலில் தீர்த்தமாட வருகிறவர்கள், பிள்ளை வரம் கேட்டு நாகப் பிரதிஷ்டை செய்ய வருகிற தம்பதியர் எல்லோருக்கும் தங்க இடம் வேண்டும். ஆனால் அந்த யாத்திரிகர் எதைத் தேடி இங்கே வருகிறார்? கடலிடம் வழி கேட்டு இராமபிரான் தர்ப்பைப் புல்லில் கிடந்த ஊர் என்றுதானே வருகிறார்? அவர் வந்து இறங்கும் தெரு எந்த ஊர்த் தெரு என்றே தெரியாமல் போனால், மூலவரை மட்டும் சேவித்துவிட்டு அதே வண்டியில் ஏறிப் போய்விடுவார். லாட்ஜுக்கும் ஆள் வராது.

பழைய வீடு இடிவதற்கு முதல் காரணம் ஓதம். கடல் நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காற்றிலும் நிலத்தடி நீரிலும் உப்பு. சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லை மாவாக உதிர்த்துவிடும். சுவர் பொரிகிறதே என்று மறுபடியும் சிமென்ட் பூசுவோம். கடைசியில் “வீடு தாங்காது” என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் அந்தக் கை அடுத்த ஆளுக்கு வரும்.

இன்னொன்றையும் இளையவர்கள் அறிய வேண்டும். இந்தக் கடற்கரையில் பழைய கட்டடங்கள் பலவற்றைப் பவளப்பாறைக் கல்லால் எழுப்பினார்கள். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தக் கல்லை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போயின. 2001 முதல் பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொடக்கூடாது. அது சரியான சட்டம். அதனால்தான் சொல்கிறேன்: ஏற்கெனவே சுவரில் இருக்கிற கல்லுக்கு மாற்றே கிடையாது. அதை ஜேசிபி வைத்துத் தள்ளிப் பள்ளத்தில் கொட்டுவது, கடலிடம் வாங்கிய கடனைக் குப்பையில் போடுவதாகும்.

செட்டிநாட்டில் நடந்தது நமக்குத் தெரியாததல்ல. பங்காளிகள் பல ஊர்களில் இருக்க, பராமரிக்க ஆளில்லாத வீடுகள் இடிக்கப்பட்டன. தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. தூணை விலைக்கு வாங்கிவிடலாம், தெருவை வாங்க முடியாது.

வீட்டுக்காரர் மட்டுமா காரணம்? சாலை போடுகிறவர்களும்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று மழைநீரை உள்ளே வாங்குகின்றன. திண்ணையைத் தெரு விழுங்குகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளரே 2021-இல் எழுதினார். நம் தெருவில் சாலை போட வரும்போது அந்தக் கடிதத்தைக் காட்டிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாகக் கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. மற்றப் பழைய கோயில்களுக்கு அந்த வேலி கிடையாது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று 1997-இல் ஆணை வந்தது. பெருநகரத்துக்கு அப்படி ஓர் அளவு தேவைப்பட்டதென்றால், பனை உயரத்துக்கே கோபுரம் தெரிகிற நம் ஊருக்கு வேண்டாமா?

இருட்டறையில் புழுங்கிக்கொண்டு வாழுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பின்கட்டில் கழிப்பறை கட்டுங்கள், குளிர்சாதனம் வையுங்கள், முற்றத்தைச் சுற்றி யாத்திரிகருக்கு அறை ஒதுக்கி வாடகையும் வாங்குங்கள். தெருப்பக்கத்து முகத்தையும் உயரத்தையும் மட்டும் விட்டுவையுங்கள். கோயில் குளமான சக்கரத் தீர்த்தத்துக்கு மழைநீர் வரும் வழியில் கடைக்கால் தோண்டாதீர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கூடும். அன்றைக்குக் குளத்தின் வரத்துக்காலையும், தெருவின் மட்டத்தையும், கோயிலைச் சுற்றிய கட்டட உயரத்தையும் தீர்மானமாக எழுதிக்கொடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அந்த ஒரு நாளுக்காவது ஊருக்கு வாருங்கள்.